செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்: மாடித்தோட்டத்தில் வாட்டத்தின் காரணத்தை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

மார்ச் கடைசியில் ஆரம்பித்து கத்திரி வெயில் முடிகிற வரைக்கும், மாடியில் செடி வைத்திருக்கும் அக்கம்பக்கத்தார், சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "தினமும் தண்ணி ஊத்துறேன், அப்பவும் செடி தொங்கிப்போய் நிக்குது, என்ன பண்ணலாம்?" போய்ப் பார்த்தால் பல வீடுகளில் மண் சொதசொதவென்று இருக்கும். வாடிய செடியைப் பார்த்ததும் கை தானாகப் பூவாளியைத் தேடுகிறது, கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. வாட்டம் என்றால் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்று பொருள், மண்ணில் தண்ணீர் இல்லை என்று பொருள் அல்ல. மண்ணுக்கும் இலைக்கும் நடுவில் வேர்த்தூவி, வேர், தண்டு என்று நீண்ட பாதை இருக்கிறது, அதில் எந்த இடத்தில் அடைபட்டாலும் மேலே நின்று பார்க்கிற நமக்குத் தெரிவது அதே தொங்கல்தான்.

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிக்காய்கள், கறிவேப்பிலை, செம்பருத்தி என்று க்ரோ பேக் என்ற வளர்ப்புப் பையிலும் தொட்டியிலும் நாம் வழக்கமாக வளர்க்கிற செடிகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் செடியின் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செடியையே இழக்க வேண்டிய காரணம் கடைசியில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

மதியம் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். காலை 6 மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், தண்ணீர் ஊற்றுவதற்கும் முன்னால் மாடிக்குப் போய்ப் பாருங்கள். செடி உறிஞ்சுகிற தண்ணீரில் மிகப் பெரும்பகுதி இலை வழியாக ஆவியாகிப் போய்விடுகிறது, நூற்றில் 97 பங்குக்கும் மேல். பகலில் செலவு வரவை மிஞ்சும். இரவில் செலவு குறைந்துவிடும், வேர் நிதானமாக இழுத்துப் பகலில் விட்ட குறையை நிரப்பிவிடும். அதனால் விடியற்காலையில் நிமிர்ந்து நிற்கிற செடிக்குப் பாதை சரியாக இருக்கிறது. விடியும்போதே தொங்குகிற செடிக்கு எங்கோ கோளாறு.

அடுத்து மண். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்து வெளுத்திருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. மே மாத வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குள் மேலே காய்ந்துவிடும், உள்ளே சேறாக இருக்கும். பெரிய பை என்றால் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்கிப் பாருங்கள், நன்றாக நனைந்த பைக்கும் காய்ந்த பைக்கும் கனத்தில் உள்ள வித்தியாசம் இரண்டு மூன்று முறை தூக்கினாலே கைக்குப் பிடிபட்டுவிடும்.

மூன்றாவது, வடிகால் துளை. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் பையின் அடியைக் கவனியுங்கள். ஊற்றியதும் சரசரவென்று வெளியே வருகிறதா, கொஞ்சம் பொறுத்துச் சொட்டுகிறதா, வரவே இல்லையா? கொஞ்சம் பொறுத்துச் சொட்டினால் வடிகால் சரி, மற்ற இரண்டு விடைகளும் இரண்டு வேறு கோளாறுகளைச் சொல்லும்.

## மதியம் தொங்குகிறது, மறுநாள் காலையில் நிமிர்ந்துவிடுகிறது

பூசணி, சுரை, பீர்க்கன், வெள்ளரி மாதிரி அகல இலைக் கொடி என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். உச்சி வெயிலில் அவை இலையைத் தொங்கவிடுவது சாதாரணம். மாலை 5 மணிக்குத் தானாக நிமிர்ந்துவிடும். மதியம் பயந்துபோய் தண்ணீர் ஊற்றி, மாலையில் நிமிர்ந்ததும் "நான் ஊத்துனதாலதான் பிழைச்சுது" என்று நம்பி, தினமும் இரண்டு வேளை ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். அந்த வேர்கள்தான் ஒரு மாதத்தில் அழுகுகின்றன.

தக்காளி, மிளகாய், கத்தரி தினமும் மதியம் தொங்கினால் இந்த வரிசையில் பாருங்கள்:

- பை நேரடியாகத் தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதா? மதியத் தளத்தில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், வேர் இருக்கிற இடத்தின் நிலைமை புரிந்துவிடும். இரண்டு வரிசை செங்கல் அல்லது இரும்பு ஸ்டாண்டு போட்டு ஏற்றுங்கள், அடியில் காற்று ஓட வேண்டும்.
- மண்ணுக்கு மூடாக்கு உண்டா? காய்ந்த இலை, வைக்கோல், தென்னை நார், எது கிடைத்தாலும் 2 அங்குலத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் சுற்றிலும் கொஞ்சம் இடம் விடுங்கள், காரணம் பின்னால் வருகிறது.
- கறுப்புப் பையா? மேற்கு வெயில் படுகிற பக்கத்தைப் பழைய சாக்கால் மறையுங்கள்.
- ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கும் 50 சதவீத நிழல்வலை. இது ஒன்றுதான் செலவு பிடிக்கிற வேலை, ஆனால் கத்திரியைத் தாண்டிச் செடி நிற்க வேண்டும் என்றால் சென்னை, வேலூர், திருச்சி, மதுரைப் பக்கமெல்லாம் தவிர்க்க முடியாது.

இத்தனையும் செய்த பிறகும், மார்கழியில்கூட மதியத் தொங்கல் தொடர்ந்தால், செடி வளராமல் குறுகியே நின்றால், அது வெயில் இல்லை. வேருக்குள் புகுந்து தாக்கும் நுண்ணிய நூற்புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம், "காலையிலேயே வாட்டம், மண் ஈரம்" பகுதிக்குப் போங்கள்.

## காலையிலேயே வாட்டம், மண் காய்ந்திருக்கிறது

இது எளிது. ஆனாலும் "நான்தான் ஊத்துறேனே" என்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

சொட்டுநீர் போட்டிருக்கிறீர்கள், ஒன்றிரண்டு செடி மட்டும் வாடுகிறது. அந்தச் செடியின் சொட்டுவானுக்கு அடியில் ஒரு பாத்திரத்தை வைத்து 15 நிமிடம் பிடியுங்கள். மணிக்கு 2 லிட்டர் சொட்டுவான் என்றால் அரை லிட்டர் சேர வேண்டும். சேரவில்லை என்றால் உப்பு அடைத்திருக்கிறது. கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து ஊதுங்கள், சரியாகாவிட்டால் புதிதாகப் போடுங்கள், சில ரூபாய்தான்.

ஊற்றினால் உடனே அடியில் கொட்டுகிறது. கோகோபீட் (தென்னை நார்த்தூள்) அதிகம் கலந்த கலவை ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் அப்புறம் தண்ணீரை ஏற்காது. கலவை சுருங்கி, பைக்கும் மண்ணுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி விட்டிருக்கும், ஊற்றுவதெல்லாம் அந்தச் சந்து வழியாக இறங்கிவிடும். அடியில் தண்ணீர் வருவதைப் பார்த்து நாம் போதும் என்று நிறுத்திவிடுவோம், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். சின்னத் தொட்டி என்றால் தண்ணீர் நிரப்பிய அகலமான டப்பில் அரைமணி நேரம் உட்கார வையுங்கள், அடியிலிருந்து ஏறி மேல்மண் கறுத்ததும் எடுத்துவிடுங்கள். பெரிய பை என்றால் ஓரச் சந்தை மண்ணால் மூடி, மேலே லேசாகக் கொத்திவிட்டு, பத்துப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

காலையில் நன்றாக ஊற்றினாலும் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது. பையை விட்டு வேர் பெரிதாகிவிட்டது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள், வடிகால் துளை வழியாக வேர் எட்டிப்பார்த்தால், அல்லது மண்ணைக் கையால் விலக்கும்போது மண்ணைவிட வேரே அதிகமாக வந்தால், பெரிய பைக்கு மாற்றியே தீர வேண்டும். தக்காளிக்கும் கத்தரிக்கும் 12 அங்குலப் பைக்குக் குறையாமல், கறிவேப்பிலைக்கு 18 அங்குலம். சுற்றிச் சுருண்ட வேரை நாலு பக்கமும் கீறி விரித்துவிட்டு, மாலையில் மாற்றுங்கள்.

## காலையிலேயே வாட்டம், ஆனால் மண் ஈரம்

அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவது இதுதான், செடிகள் அதிகம் சாவதும் இதில்தான். முதல் விதி, தண்ணீரை நிறுத்துங்கள். ஒரு நாள் முழுக்க ஊற்றாமல் விட்டால் எந்தச் செடியும் இந்த நிலையில் கெட்டுவிடாது.

துளை அடைப்பு. பையைச் சாய்த்து, கம்பியாலோ பென்சிலாலோ ஒவ்வொரு துளையையும் குத்திப் பாருங்கள். தேங்கிய தண்ணீர் நாற்றத்தோடு வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. வேருக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். மண்ணின் சந்துகளில் எல்லாம் தண்ணீர் நின்றால் காற்று கிடைக்காத வேர் தண்ணீர் இழுப்பதையே நிறுத்திவிடும், கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். தளம் நனையக்கூடாது என்று துளையே போடாத பெயின்ட் வாளியில் வளர்ப்பவர்கள் அடியில் நான்கைந்து துளை போடுங்கள், வேறு வழி கிடையாது.

மண் இறுகிப்போனது. துளை திறந்திருந்தும் தண்ணீர் மேலேயே குளம் கட்டுகிறதா? களிமண்ணோ வெறும் செம்மண்ணோ மட்டும் நிரப்பிய பைகளில் இரண்டு பருவத்தில் இப்படி ஆகும். தற்காலிகமாக, ஓரத்தில் நாலைந்து இடத்தில் குச்சியால் அடிவரை குத்திக் காற்று விடுங்கள். அறுவடை முடிந்ததும் கலவையையே மாற்றுங்கள். செம்மண், கோகோபீட், மண்புழு உரம் அல்லது மக்கிய தொழு உரம், மூன்றும் சம பங்கு. இதைவிடச் சிக்கலான கலவை மாடிக்குத் தேவைப்பட்டதில்லை.

வேரழுகல். ஒரு பக்கத்தில் மண்ணைத் தோண்டி இரண்டு மூன்று வேரை வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, இழுத்தால் கொஞ்சம் தாங்கும். அழுகிய வேர் பழுப்பாக, வழவழவென்று, விரலால் உருவினால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். வேரில் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் காப்பாற்றலாம். நிழலுக்கு மாற்றுங்கள், மேலே இருக்கிற இலையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் குறையுங்கள். வேர் குறைந்துவிட்டதால் செலவையும் குறைக்க வேண்டும், அதற்காகத்தான். மண் விரலுக்கு லேசான ஈரமாகத் தெரிகிற வரை தண்ணீர் வேண்டாம், உரம் எதுவும் வேண்டவே வேண்டாம். ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தை மக்கிய உரத்தோடு கலந்து மேல்மண்ணில் போடலாம். ஆனால் அது வருமுன் காக்கிற பொருள், அழுகி முடிந்த வேரைத் திரும்ப உயிர்ப்பிக்காது.

தண்டின் கழுத்து அழுகல். மண்ணும் தண்டும் சேருகிற இடத்தைப் பாருங்கள், மூடாக்கு இருந்தால் விலக்கிவிட்டு. அங்கே வெள்ளைப் பஞ்சு மாதிரி நூல் படர்ந்து, அதில் கடுகு அளவில் பழுப்பு உருண்டைகள் இருந்தால் அது பூஞ்சணம், செடி பிழைப்பது அரிது. மக்காத புண்ணாக்கையும் பச்சைக் குப்பையையும் தண்டை ஒட்டிக் குவித்தால் இது வரும், மூடாக்கைத் தள்ளிப் போடச் சொன்னது இதனால்தான். அந்தச் செடியை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். பக்கத்துச் செடிகளின் தண்டடியில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து ஊற்றலாம். இதை ஊற்றினால் ட்ரைக்கோடெர்மாவைச் சேர்த்து ஊற்றாதீர்கள், ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும்.

வேரைத் தின்னும் புழு. செடியை லேசாக இழுத்தாலே கையோடு வருகிறதா? வெள்ளையாக, சி வடிவில் சுருண்ட வேர்ப்புழு இருக்கும். சரியாக மக்காத மாட்டுச்சாணத்தோடுதான் பெரும்பாலும் பைக்குள் வரும். பையைக் கொட்டி, கையால் பொறுக்கி, மண்ணை வெயிலில் பரப்புங்கள். காகமும் மைனாவும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

நூற்புழு. வேரில் மணி மணியாக முடிச்சு. தக்காளி, கத்தரி, வெண்டையில் அதிகம். அவரை, தட்டைப்பயறு மாதிரிப் பயறு வகையில் முடிச்சைப் பார்த்ததும் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், அது காற்றிலிருக்கும் தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கும் நல்ல வேர்முடிச்சாக இருக்கலாம். விரல் நகத்தால் தள்ளினால் அது தனியே கழன்று வரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு கழலாது, வேரே வீங்கியிருக்கும். நூற்புழு உறுதியானால் நிற்கிற செடிக்கு வைத்தியம் பார்த்துப் பயனில்லை, காய் எடுக்கிற வரை எடுத்துவிட்டு வேரோடு அகற்றுங்கள். மண்ணை ஏப்ரல், மே மாதத்தில் நனைத்து, தெளிவான பாலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி 4 முதல் 6 வாரம் வெயிலில் விடுங்கள். அடுத்த நடவுக்கு முன் பைக்கு ஒரு பெரிய கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்து இரண்டு வாரம் ஆறப்போடுங்கள். அந்தப் பையில் ஒரு பருவம் செண்டுமல்லி போட்டால் நல்லது.

## நேற்று நன்றாக இருந்தது, இன்று பச்சை மாறாமல் சாய்ந்துவிட்டது

இலை மஞ்சளாகவில்லை, புள்ளி இல்லை, பூச்சி இல்லை. தக்காளியோ கத்தரியோ மிளகாயோ ஓரிரு நாளில் வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டுவிடுகிறது. இதைப் பார்த்தால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் கண்ணாடி டம்ளர் சோதனை செய்யுங்கள். வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளிலேயே இதைப்போல் தெளிவாகப் பதில் சொல்வது வேறில்லை.

தண்டின் அடிப்பகுதியிலிருந்து மூன்று நான்கு அங்குலத் துண்டு ஒன்றைச் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். தெளிந்த தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளரில், வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் தொடும்படி பிடித்துக்கொள்ளுங்கள், ஆட்டக்கூடாது. பின்னால் கறுப்புத் துணியோ காகிதமோ வைத்தால் நன்றாகத் தெரியும். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெண்மையாகக் கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா தண்டுக்குள் தண்ணீர் ஏறுகிற குழாய்களிலேயே பெருகி, கொழகொழப்பாக அடைத்துவிடுகிறது. அந்தக் கொழகொழப்புதான் நூலாக இறங்குவது.

இதற்கு மருந்து இல்லை. யாராவது பாட்டில் எதையாவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். செய்ய வேண்டியது: செடியை வேரோடும் மண்ணோடும் எடுத்துப் பையில் கட்டி வெளியேற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். வெட்டிய கத்தியையும் கத்தரிக்கோலையும் கழுவி ஸ்பிரிட்டால் துடையுங்கள். அந்தப் பையிலிருந்து வடிந்த தண்ணீர் பக்கத்துப் பைகளுக்கு ஓடியிருந்தால் அவற்றையும் கவனத்தில் வையுங்கள். அந்த மண்ணில் திரும்பத் தக்காளிக் குடும்பத்தில் எதையும் வைக்காதீர்கள், கீரையோ வெண்டையோ வைக்கலாம்.

திரும்பத் திரும்ப வருகிற வீடுகளுக்கு நான் சொல்வது ரகத்தை மாற்றுங்கள் என்பதுதான். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் தக்காளி, கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் முக்தி, அனகா தக்காளிகள், சூர்யா, ஹரிதா கத்தரிகள், உஜ்வலா மிளகாய் எல்லாம் இந்த வாடலைத் தாங்குபவை. கத்தரிக்குச் சுண்டைக்காய்ச் செடியின் மேல் ஒட்டுக்கட்டிய நாற்றும் கிடைக்கிறது, விலை சற்றுக் கூடுதல், ஆனால் வேர் சுண்டையுடையது என்பதால் மண்ணிலிருந்து வரும் தொல்லை வெகுவாகக் குறையும்.

நூல் இறங்கவில்லையா? அதே தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். தோலுக்கு உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் ஃபியூசேரியம் என்ற பூஞ்சணத்தால் வரும் வாடல். இதில் அடி இலைகள் முதலில், பலசமயம் ஒரு பக்கம் மட்டும், மஞ்சளாகும், சாவதற்கு வாரக்கணக்கில் எடுக்கும். தரையில் வாழை வைத்திருப்பவர்கள் இதே பூஞ்சணத்தின் உறவை ரஸ்தாளியில் பார்த்திருப்பீர்கள், தண்டை வெட்டினால் செம்பழுப்பு வளையம் தெரியும். இதற்கும் நின்ற செடிக்கு வைத்தியம் இல்லை. அடுத்த விதைப்பில் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா என்ற கணக்கில் நேர்த்தி செய்யுங்கள். வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகையே தாராளம்.

## செடி நன்றாக இருக்கிறது, ஒரு கிளை அல்லது நுனி மட்டும் வாடுகிறது

வேரில் கோளாறு இருந்தால் முழுச் செடியும் வாடும். ஒரு கிளை மட்டும் என்றால் கோளாறு அந்தக் கிளையில்தான், மண்ணைத் தொடாதீர்கள்.

கத்தரியில் கொழுந்து மட்டும் தொங்கினால் கிட்டத்தட்ட எப்போதும் தண்டு, காய்த் துளைப்பான்தான். தொங்குகிற இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, பிளந்து பாருங்கள், இளஞ்சிவப்புப் புழு உள்ளே இருக்கும். வெட்டிய கொழுந்துகளைச் சேர்த்து அழித்துவிடுங்கள், பக்கக்கிளை வந்துவிடும். வாரம் ஒருமுறை இப்படி வெட்டினாலே மாடியில் கட்டுப்படும். அதையும் மீறினால் இந்தப் பூச்சிக்கான இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று வைக்கலாம்.

மற்றச் செடிகளில் கிளையை அடிவரை தடவிப் பாருங்கள். காற்றில் முறிந்து தோலில் தொங்குகிறதா, தாங்குகுச்சியில் கட்டிய கயிறு தண்டு பருத்ததும் இறுக்குகிறதா என்று. கயிறு இறுக்குவது எதிர்பார்ப்பதைவிட அதிகமாக நடக்கிறது. எட்டு வடிவில் தளர்வாகக் கட்டினால் வராது.

## இலை விளிம்பு கருகுகிறது, மண்மேல் வெள்ளைப் படிவு

உப்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் எல்லாம், முக்கியமாகக் கடலோர ஊர்களில், கோடையில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மண்ணில் உப்பு ஏறிவிட்டால் ஈரம் இருந்தும் வேரால் இழுக்க முடியாது, உப்பு தண்ணீரைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் ஊற்றுகிற தண்ணீர் ஆவியாகும், அதிலுள்ள உப்பு பையிலேயே தங்கும், மாதத்துக்கு மாதம் கூடும்.

முதலில் உரத்தைச் சந்தேகப்படுங்கள், அது இலவசமாகச் சரிசெய்யக்கூடியது. கடந்த இரண்டு வாரத்தில் யூரியா, காம்ப்ளக்ஸ், கடலைப்புண்ணாக்குக் கரைசல், பஞ்சகவ்யா, இதில் எதைத் தாராளமாக ஊற்றினீர்கள்? பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லிதான் அளவு. இயற்கை உரம் எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், கெட்டியான புண்ணாக்குக் கரைசலில் கருகிய மிளகாய்ச் செடிகள் நிறையப் பார்த்தாயிற்று.

காரணம் உரம் இல்லை என்றால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான், மாடித்தோட்டத்துக்கு இதைவிடப் பயனுள்ள கருவி இல்லை என்பது என் முடிவு. ஊற்றுகிற தண்ணீரை அளந்து பாருங்கள். 450 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு மில்லிகிராம்) இருந்தால் கவலை இல்லை. 450 முதல் 2000 வரை பார்த்துப் பார்த்துப் பயன்படுத்த வேண்டியது, பீன்ஸ் முதலில் கருகும், தக்காளி ஓரளவு தாங்கும். 2000க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரில் காய்கறி வேண்டாம். அடுத்து, பையின் அடியில் வடிகிற தண்ணீரைப் பிடித்து அளந்து பாருங்கள். உள்ளே போனதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டினால் பைக்குள் உப்பு சேர்ந்துவிட்டது.

தீர்வு, கழுவுவது. 20 லிட்டர் மண் உள்ள பைக்கு 40 லிட்டர் நல்ல தண்ணீர், ஒரே மூச்சில் அல்லாமல் ஒரு மணி நேரத்தில் பிரித்துப் பிரித்து ஊற்றி அடியில் வடியவிடுங்கள். மேலே படிந்த வெள்ளையை முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் கரைந்து உள்ளே போகும். ஐப்பசி, கார்த்திகை மழை இந்த வேலையை இலவசமாகச் செய்யும், அந்த மாதங்களில் பையை மூடி வைக்காதீர்கள். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிற வழக்கத்தை விடுங்கள், நீங்கள் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

புதிதாகப் போட்ட பையிலேயே ஒரு வாரத்தில் விளிம்பு கருகினால், கழுவாத கோகோபீட். கட்டியை ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி, மூன்று முறையாவது கழுவுங்கள். கடைசியாகப் பிழிந்த தண்ணீரின் டிடிஎஸ், நீங்கள் ஊற்றிய தண்ணீருக்குப் பக்கத்தில் வந்தால் போதும்.

## நட்ட நாற்று தலை நிமிரவில்லை

தண்ணீரை இழுப்பது தடித்த வேர் இல்லை, நுனிக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற வேர்த்தூவிகள். மண் உதிரப் பிடுங்கி நட்டால் அவை அத்தனையும் அறுந்துபோகும், புதிதாக வருகிற வரை செடிக்கு வாயில்லை. குழித்தட்டு நாற்று என்றால் வேர்க்கட்டி உடையாமல் நடுங்கள். பாத்தியில் பிடுங்கிய நாற்று என்றால் பிடுங்குவதற்கு இரண்டு மணி முன்பு நன்றாக நனையுங்கள். மாலையில் நடுங்கள், ஐந்து முதல் ஏழு நாள் நிழல் கொடுங்கள், பெரிய இலைகள் இரண்டைக் கிள்ளிவிடுங்கள், உரம் வேண்டாம். ஒரு வாரத்தில் புதுத் துளிர் வராவிட்டால் வேறு நாற்று வையுங்கள்.

## தக்காளியின் அடி கறுக்கிறது, காய் வெடிக்கிறது

செடி வாடவே இல்லை, ஆனாலும் இதுவும் தண்ணீர்க் கோளாறுதான். அடி கறுப்பது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால். அது மண்ணில் இல்லாததால் அல்ல, பெரும்பாலும் தண்ணீரோடு சேர்ந்தே ஏற வேண்டிய சத்து என்பதால், ஒரு நாள் காய்ச்சல் ஒரு நாள் வெள்ளம் என்று ஊற்றினால் பாதியிலேயே நின்றுவிடும். வெடிப்பும் அப்படித்தான், காய்ந்த மண்ணில் திடீரென்று நிறையத் தண்ணீர். தினமும் ஒரே நேரம், ஒரே அளவு, மேலே மூடாக்கு. இரண்டு வாரம் இதைச் செய்துவிட்டு அடுத்து வருகிற காய்களைப் பாருங்கள், கால்சியம் தெளிப்பு வாங்குவதை அதற்கப்புறம் யோசிக்கலாம். முட்டை ஓடு உடனடித் தீர்வு ஆகாது, மக்குவதற்கு மாதங்கள் ஆகும்.

## விடியற்காலையில் இலை நுனியில் தண்ணீர் முத்து

கோளாறே இல்லை. இரவில் வேர் உள்ளே தள்ளிய தண்ணீர் இலை ஓரத்துத் துளைகள் வழியாக வெளியே வருகிறது, தக்காளியிலும் சேம்பிலும் நன்றாகத் தெரியும். காய்ந்த பிறகு நுனியில் வெள்ளைப் பொட்டு விட்டால் மட்டும் மேலே சொன்ன உப்புச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஒரே ஒரு செடி என்றால் யாரையும் கூப்பிட வேண்டாம், எடுத்துவிட்டு வேறு வையுங்கள். டம்ளர் சோதனையில் நூல் இறங்கி, ஒரு வாரத்தில் இரண்டாவது மூன்றாவது பைக்கும் பரவினால், அல்லது மேலே உள்ள எல்லாச் சோதனையிலும் எதுவும் பிடிபடாமல் செடிகள் சாய்ந்துகொண்டே இருந்தால், உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கோ போங்கள். முதலில் தொலைபேசியில் கேட்க நினைத்தால் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 இலவச எண், தமிழிலேயே பேசலாம். உப்புதான் தொல்லை என்று மீட்டர் காட்டி, கழுவியும் ஒரு மாதத்தில் திரும்ப ஏறினால், மண்ணை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். மாடி வீட்டின் கூரையில் கீழே ஈரக்கறை தெரிந்தால் அது செடிக்கான ஆள் வேலை இல்லை, பைகளை அன்றைக்கே அந்த இடத்திலிருந்து நகர்த்திவிட்டுக் கட்டட வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், தள்ளிப்போடப் போட செலவு கூடும்.

நிலையத்துக்குப் போகும்போது முழுக்கக் காய்ந்து செத்த செடியை எடுத்துப் போகாதீர்கள், அதிலிருந்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. இப்போதுதான் வாடத் தொடங்கிய செடி ஒன்றை வேரும் வேர்மண்ணும் சேர்த்துத் தோண்டி, செய்தித்தாளில் சுற்றி, காலையிலேயே கொண்டு போங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் வழியிலேயே வியர்த்து அழுகிவிடும். என்றைக்கு வாடத் தொடங்கியது, கடைசியாக எந்த உரம் போட்டீர்கள், ஊற்றும் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு என்பதைச் சீட்டில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே முதலில் கேட்பது இவற்றைத்தான்.